இல்லாத இடத்தைத் தேடும் துகள்

 

நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான். எலக்ட்ரானின் எதிர்த்துகள் பாசிட்ரான், இரண்டும் சேர்ந்தால் அழிந்துபோகும் என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினேன். பிறகு பொறியியல் படித்து, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். "அழிஞ்சு போச்சுன்னு எப்படித் தம்பி தெரிஞ்சுக்கிடுவே?" என்று கேட்டார்கள். வாயடைத்து நின்றேன்.

அதற்கான விடை, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் செய்யப்படும் சோதனைகளில் இருக்கிறது. சோடியம்-22 என்ற கதிரியக்கப் பொருளை இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே வைப்பார்கள். அதிலிருந்து பாசிட்ரான் பிறக்கும்போதே 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர் ஒன்றும் கிளம்பும். அது பிறப்புச் சேதி. உலோகத்துக்குள் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து பாசிட்ரான் அழியும்போது, தலா 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். அது இறப்புச் சேதி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே அதன் ஆயுள்.

குறையில்லாத இரும்பில் அந்த ஆயுள் சுமார் 110 பிக்கோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோ வினாடி! இரும்பில் ஓர் அணு விடுபட்ட குழி இருந்தால், பாசிட்ரான் அதில் மாட்டிக்கிடும். அங்கே எலக்ட்ரான் குறைவு; ஆயுள் 175 பிக்கோ வினாடி வரை நீளும். கோடையிலே நம்ம கரிசக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்போது, சிந்தின சோளம் வெடிப்புக்குள்ளதானே போய் விழும்? அந்த மாதிரிதான். கரிசல் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். இந்தக் குழி தெரியாது. ஆயுளை அளந்துதான் அறிய வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். கல்பாக்கத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலை போன்றவற்றில், நியூட்ரான்கள் மோதி எஃகின் அணுக்கள் இடம் பெயர்கின்றன. குழிகள் ஒன்றுசேர்ந்தால் எஃகு உப்பும். அதை ஆரம்பத்திலேயே அறிய இந்த முறை உதவுகிறது.

தம்பி தங்கைகளே, மார்க் வாங்கிய பதிலிலும் குழி இருக்கலாம். என் பதிலில் இருந்தது. "எப்படிங்க சார் தெரியும்?" என்று வகுப்பில் ஒரு தடவை எழுந்து கேட்டிருந்தால், அன்றைக்குத் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன். கூச்சப்படாமக் கேளுங்க. நம்ம வாத்தியார்கள் சொல்லித் தருவாங்க.