கையெழுத்துக்களால் கிடைத்த வைத்திய உரிமை



வியாதி வந்தால் நிலத்தை விற்க வேண்டும். விற்க நிலமில்லாதவன் சாக வேண்டும். இந்த அநியாயத்தைத் தாய்லாந்து மக்கள் எப்படி எதிர்த்தார்கள் என்று பார்ப்போம்.

50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பார்லிமெண்டுக்கு மசோதா அனுப்பலாம் என்றது அந்நாட்டின் 1997-ம் வருஷத்து அரசியல் சட்டம். தொழிலாளர்கள், விவசாயிகள், பெண்கள், முதியோர், எச்.ஐ.வி. நோயாளிகள் என 11 பகுதி மக்களின் அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டின. சர்க்கார் டாக்டரான சங்குவான் நித்யாராம்பொங் போன்றவர்கள் துணை நின்றனர்.

2001-ல் புதிய சர்க்கார், ஒரு தடவை சிகிச்சைக்கு 30 பாட் மட்டும் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் சட்டம் வந்தது. திட்டத்தை நடத்தும் போர்டில் மக்கள் அமைப்புகளுக்கு 5 ஸ்தானங்கள் கிடைத்தன. நோயாளிகளின் புகார்களைக் கேட்கச் சுதந்திரமான நிலையங்களுக்கும் வழி பிறந்தது.

இதன் பலன் என்ன? ஆரம்பத்தில் எச்.ஐ.வி. மருந்தும், சிறுநீரக நோயாளிகளுக்கான ரத்தச் சுத்திகரிப்பும் திட்டத்தில் இல்லை. செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நோயாளிகளின் சங்கங்கள் ஓயாமல் போராடின. முதலில் மருந்து சேர்ந்தது. 2008-ல் ரத்தச் சுத்திகரிப்பும் சேர்ந்தது.

சட்டத்தோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதே இதில் நாம் காண்பது. பணம் எங்கே போகிறது, எந்த வியாதிக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யும் மேஜையில் நோயாளியின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். வெளியே அவனுக்குப் பலமான சங்கமும் வேண்டும். சங்கமில்லாத ஸ்தானம் வெறும் நாற்காலி!

ஆகவே சங்கங்கள் கூலி உயர்வோடு வைத்திய உரிமையையும் கோரிக்கையாக எழுப்பட்டும்!