விதை போட்டு வளர்க்கும் வீட்டுப் பழமரங்கள்



நல்ல பழம் ஒன்று சாப்பிட்டால் அதன் கொட்டையைத் தூக்கி எறிய மனசு வருவதில்லை. கொல்லையிலோ கிணற்றடியிலோ ஊன்றி வைக்கிறோம். முளைத்து இலை விட்டால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கொட்டையிலிருந்து வந்த மாமரம் காய்ப்புக்கு வர ஆறு முதல் பத்து வருஷம் ஆகும். மூன்று சென்ட் கொல்லையில் ஒரு மாமரத்துக்குத்தான் இடம் இருக்கும். அவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் காத்து, கடைசியில் நாரும் புளிப்புமாகக் காய்த்தால் அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்? ஆகவே எந்த விதை தாயைப் போலவே வரும், எது வராது என்று தெரிந்துகொண்டு ஊன்ற வேண்டும்.

முதலில் மாவைப் பார்ப்போம். நீங்கள் சாப்பிட்டது அருமையான பங்கனப்பள்ளி. அந்தச் சதை முழுக்கத் தாய்மரத்துடையது. கொட்டைக்குள் இருக்கிற பருப்பு அப்படியல்ல. பூ பூத்த காலத்தில் ஈ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டு வந்ததோ, அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும் பிறந்த பிள்ளை அது. பக்கத்துத் தோட்டத்து நாட்டு மரம்கூட அப்பனாக இருக்கலாம். பிள்ளைகள் அச்சு அசலாகத் தாயைப் போலவே இருப்பதில்லையே, அதே கதைதான். அபூர்வமாகத் தாயை மிஞ்சிய பிள்ளையும் பிறக்கும். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்தையும் தசேரியையும் சேர்த்துத்தான் மல்லிகா ரகத்தை எடுத்தார்கள். ஆனால் அவர்கள் எத்தனையோ கன்றுகளை வளர்த்துப் பார்த்து, தேறியதை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். நம் கொல்லையில் இருப்பது ஒரே ஒரு குழி.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. மேற்குக் கடற்கரைப் பக்கத்து ரகங்கள் சிலவற்றில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பும். ஒலூர், சந்திரக்காரன், மூவாண்டன், வெள்ளைக் கொலம்பான் எல்லாம் இந்த வகை. இந்த முளைகளில் பெரும்பாலானவை மகரந்தத்தின் கலப்பே இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டாகின்றன. அதனால் தாயைப் போலவே காய்க்கும். முளைகளில் நோஞ்சானாகவும் மாறுபட்டும் தெரிவதைக் கிள்ளி விட்டு, திடமான ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் சாதாரணமாக இருக்கிற நீலம், பங்கனப்பள்ளி, ருமானி, மல்கோவா, இமாம்பசந்து எதுவும் இந்த வகையில் சேராது. அவற்றில் ஒரு கொட்டைக்கு ஒரு முளைதான்.

"அப்படியானால் மாங்கொட்டையே போட வேண்டாமா ஐயா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்க. பழத்துக்காகப் போடாமல் வேருக்காகப் போடுங்க. பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு கொள்ளும். மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றினால் ஆணிவேர் தடையில்லாமல் நேரே கீழே இறங்கும். வறட்சியைத் தாங்குகிற மரம் அதுதான். மானாவாரி நிலக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும்.

கொட்டையைக் காயப்போட்டு வைக்கக்கூடாது. நான்கைந்து வாரத்தில் உயிர் போய்விடும். பழம் தின்ற சில நாட்களிலேயே கழுவி, மேலோட்டை பருப்பு வெட்டுப்படாமல் பிளந்து எடுத்துவிட்டு, வளைந்த முதுகுப் பக்கம் மேலே வரும்படி இரண்டு விரல் ஆழத்தில் ஊன்றுங்க. ஒரு குழிக்கு மூன்று பருப்பு போட்டு, பிறகு நல்ல கன்று ஒன்றை மட்டும் விட்டால் போதும். தண்டு பென்சில் பருமன் வந்ததும் நல்ல ரகத்தின் குச்சியை அதன் மேலேயே ஒட்டுக் கட்டிவிடலாம். குச்சி, நன்றாகக் காய்க்கிற மரத்தின் மூன்று நான்கு மாதத்து நுனிக் கிளையாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அந்த நுனியில் உள்ள இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கி விட்டால் மொட்டு பருத்து நிற்கும். கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றில் ஈரம் இருக்கிற மழைக்காலத்தில் செய்தால் நன்றாகப் பிடிக்கும். கை பழகாதவர்கள் பழகினவரை வைத்துச் செய்வது நல்லது. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை மட்டும் விடாமல் கிள்ளி விடுங்க. விட்டால் பழைய நாட்டு மரமே தலையெடுத்துவிடும். இப்படிக் கட்டிய மரம் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும்.

ஒரு கிராமத்தில் ஓர் அம்மா, ஒன்பது வருஷம் வளர்த்த மரம் புளிப்பாய்க் காய்க்கிறதே, வெட்டி விறகாக்கி விடவா என்று கேட்டார்கள். வேரோடு வெட்ட வேண்டாம் அம்மா. காய்ப்பு முடிந்ததும் கிளைகளை மட்டும் குறைத்து வெட்டினால் புதுத் தளிர்கள் வரும். அவற்றில் திடமானவற்றை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன மாதிரியே நல்ல ரகத்துக் குச்சியை ஒட்டலாம். ஒன்பது வருஷத்து வேர் வீண் போகாது.

எலுமிச்சையில் இந்தக் கவலை இல்லை. அதன் விதையிலும் பல முளைகள் வரும், பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். ஆகவே நோயில்லாமல் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மரத்தைப் பார்த்து விதை எடுங்க. பெரியகுளத்தில் எடுத்த பி.கே.எம்.1 ரகம் கிடைத்தால் நல்லது. விதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, இரண்டொரு நாளில் போட்டுவிட வேண்டும். நாற்றில் ரொம்பக் குட்டையாகவும் இலை வேறு மாதிரியாகவும் இருப்பதைக் களைந்து விடுங்க. பறவை எச்சம் போல இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற புழுவை எச்சம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரே வாரத்தில் நாற்றங்காலை மொட்டையடித்துவிடும். கையால் பொறுக்கினாலே போதும்.

பப்பாளியில் வேறு தொல்லை. சில ரகங்களில் விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆண் மரமாக நிற்கும். கோ.2 அப்படிப்பட்டது. அதற்குக் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஆணைப் பிடுங்க வேண்டும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்குவது ஆண் பூ. இலைக்கணுவில் குண்டாக ஒட்டி நிற்பது பெண் பூ. இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் போதும். வீட்டுக்கு இரண்டே மரம் வைக்கிறவர்களுக்கு கோ.3, கோ.7 ரகங்கள்தான் சௌகரியம். அவற்றில் ஆண் மரம் இல்லை, எல்லாம் காய்க்கும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டுப் பழத்தின் விதையைப் போட்டு அதே பழத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆளுக்கொரு விதமாய் வரும். விதைமேல் இருக்கும் வழவழப்பான தோலைச் சாம்பலில் தேய்த்து நீக்கி, நிழலில் உலர்த்திப் போட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். இன்னொன்று, குளியல் தண்ணீரைப் பப்பாளிக்குத் திருப்புகிறவர்கள் அநேகம். தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். மரத்தை மேட்டில் வைத்து, அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுங்க.

பலா விதையும் காய்ந்தால் முளைக்காது. பழம் அறுத்த சூட்டோடு, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றணும். வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது. வருக்கையின் விதையில் வருக்கைதான் வரும் என்று உறுதி சொல்ல முடியாது, குழைந்த சுளையாகவும் போகலாம். ஏழெட்டு வருஷம் காத்திருக்க முடியாதவர்கள், இலங்கையிலிருந்து வந்த சிங்கப்பூர் பலாவை வைக்கலாம். அது மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கும். சீத்தாவை விதையிலிருந்தே வளர்க்கலாம். ஆனால் அதன் விதைத்தூள் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை, குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கொய்யா, சப்போட்டா, மாதுளை மூன்றுக்கும் விதை வேண்டாம். கொய்யாவுக்குப் பதியன், சப்போட்டாவுக்குப் பாலை மரக்கன்றில் கட்டிய ஒட்டு, மாதுளைக்குக் குச்சி அல்லது பதியன் என்று வாங்கி வையுங்கள். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் கேட்டு வாங்கலாம். சந்தையில் வாங்குவதானால், ஒட்டுக்கன்று என்று சொல்லி வெறும் விதைக்கன்றை விற்கிறவர்களும் உண்டு. தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுப்போட்ட தழும்பும் முண்டும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. ஒரே வழவழப்பாக இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். நடும்போது அந்த முண்டு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும்.