புறப்பட மறுக்கும் வண்டி

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியா நோக்கி ஏறும் பெருவீதி இறம்பொடையை அடையும்போது, ஒருபுறம் ஓங்கிய மலையும் மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்குமாக விளங்குகிறது. அருவியின் முழக்கமும் தேயிலைச் சரிவுகளின் பசுமையும் பயணிகளின் உள்ளத்தைக் கவர்கின்றன. ஆனால் அங்கே வாழ்வோருக்கு அவ்வீதி வெறும் காட்சிப்பொருளன்று. வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் அதுவே வழி. பனி மூடிய விடியற்காலையில் நோயாளியை ஏற்றிய வண்டியின் சாவியைச் சாரதி திருப்பும்போது இயந்திரம் அசையாவிட்டால், அது ஓர் உயிரைப் பற்றிய கவலையாகிவிடுகிறது.

அவ்வேளையில் அருகில் நிற்போர் கூறும் யோசனை ஒன்றுண்டு: “சரிவுதானே, தள்ளிவிட்டால் பற்றிக்கொள்ளும்” என்பதே அது. இவ்வழி எப்போது பயன்படும், எப்போது ஆபத்தாகும் என்பதை அறிந்துகொள்ள, வண்டியில் மின்சாரம் ஆற்றும் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் இயந்திரத்தைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். கைப்பிடி எதிர்த்துத் திரும்பிக் கையெலும்பு முறிந்தவர் பலர். அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன்பின் அத்துன்பம் படிப்படியாக நீங்கியது. இலங்கையில் பெரிதும் விரும்பப்பட்ட மொரிஸ் மைனரில் ஸ்டார்ட்டரோடு கைப்பிடிக்கும் இடம் இருந்தது. இன்றைய வண்டிகளில் அது இல்லை, பற்றரியே துணை.

மின்சாரத்தின் பணிகள் மூன்று. பற்றரியின் ஆற்றலால் ஸ்டார்ட்டர் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. பெற்றோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியபின், செலவான மின்சாரம் பற்றரிக்கு மீண்டும் ஊட்டப்படுகிறது. இவற்றுள் எது தவறியது என்று காண்பதே நோயறிதல்.

அதற்கு எளிய சோதனை முன்விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதாகும். விளக்கு சிறிதும் எரியாவிட்டால் பற்றரி முற்றாக ஓய்ந்திருக்கலாம். அல்லது அதன் இணைப்பு அறுந்திருக்கலாம். எரியும் விளக்கு சாவியைத் திருப்பியதும் மங்கி, ‘டக், டக்’ என்று விரைந்த ஒலி எழுந்தால், பற்றரி தளர்ந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் அழுக்கேறியுள்ளது. விளக்கு மங்காமல் நிற்க, ஓசையேதும் எழாவிட்டால் ஸ்டார்ட்டரையோ அதன் சுவிட்சையோ ஐயுற வேண்டும். தானியங்கிக் கியர் வண்டியானால் கியர்ப்பிடி உரிய இடத்தில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இயந்திரம் நன்கு சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் பற்றரி குற்றமற்றது. தீப்பொறியிலோ எரிபொருளிலோதான் குறை.

பற்றரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்த உப்பைக் கண்டும் காணாமல் புதுப் பற்றரி வாங்கியோர் உண்டு. வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலில் கழற்றி, இரு முனைகளையும் துடைத்து இறுகப் பூட்டினால், பல வண்டிகள் செலவின்றியே புறப்படும். பற்றரியருகே தீக்குச்சி கொளுத்துதல் ஆகாது. அதிலிருந்து எழும் வாயு வெடிக்கும் இயல்புடையது.

மலைநாட்டின் குளிர் பற்றரியின் ஆற்றலைக் குறைக்கிறது. பனிமூட்டத்தில் விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் இயங்க, நின்று நின்று ஊர்ந்த பழைய வண்டியில், டைனமோ ஈட்டுவதைவிடச் செலவே மிகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் படிந்தால் தீப்பொறி வழிதவறிவிடும்; உலர்ந்த துணியால் துடைப்பதே அதற்கு மருந்து.

இனி, தள்ளிவிடும் யோசனையை எடைபோடலாம். அது ஸ்டார்ட்டர் செய்யவேண்டிய வேலையை மட்டுமே செய்யும். தீப்பொறி இல்லாத வண்டியை எத்துணைத் தூரம் உருட்டினும் பயனில்லை. தானியங்கிக் கியர் வண்டிக்கு இம்முறை பொருந்தாது. இயந்திரம் ஓடாத வண்டியில் பிரேக்கிற்குத் துணைசெய்யும் ஆற்றல் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், சுக்கானும் கனக்கும், சாவியை எடுத்துவிட்டால் சுக்கான் பூட்டிக்கொள்ளவும் கூடும். 2025 மே 11 அன்று இறம்பொடை கரண்டியெல்லப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது ஓடிக்கொண்டிருந்த வண்டி. எனினும் அவ்வீதியில் பிடி தவறிய வண்டிக்கு என்ன நேரும் என்பதை அது உணர்த்திவிட்டது.

ஆதலால் வண்டி புறப்பட மறுக்கும்போது, சாரதி முதலில் கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்து, விளக்கைப் போட்டுப் பார்ப்பாராக. நோயாளி காத்திருந்தால், வேறு வண்டிக்கு ஆளனுப்பிவிட்டே சோதனையைத் தொடங்குவாராக. சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடப் பொறுமை, பள்ளத்தை நோக்கி உருளக்கூடிய ஒரு வண்டியைத் தடுத்து நிறுத்திவிடும்.