பெருந்தொற்றும் மாணவர் மனநலமும்

 

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாதம் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தமிழகத்துப் பள்ளிகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. உயர் வகுப்புகள் இடையிடையே திறந்தும் மூடியும் நடந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளோ 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கின. 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, வகுப்பறையையே காணாமல் இரண்டாம் வகுப்பை எட்டியது.

விட்டுப்போன பாடங்களை ஈடுசெய்யப் பல முயற்சிகள் நடந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் இருப்பிடம் தேடிச் சென்று கற்பித்தனர். கணக்கிலும் எழுத்திலும் நேர்ந்த குறையைத் தேர்வு வைத்து அறியலாம். மனத்தில் நேர்ந்த குறையை அறிய அத்தகைய தேர்வு எதுவும் இல்லை. ஆதலின் அது பல இல்லங்களில் இன்றளவும் கேட்கப்படாத கேள்வியாகவே நிற்கிறது.

பள்ளியில் பாடத்தோடு வேறு பலவும் கிடைக்கின்றன. மணி அடித்தால் எழுதல், மணி அடித்தால் உண்ணுதல் என்னும் நாளொழுங்கு அங்கே உண்டு. பெற்றோரிடம் சொல்ல இயலாததைச் சொல்லத் தோழமை உண்டு. பதின்பருவத்தினர் தம்மைத் தாமே அறிந்துகொள்வது ஒத்த வயதினர் நடுவில்தான். இவை யாவும் ஒரே நாளில் நின்றன. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டனர். வகுப்பும் அதிலே, நட்பும் அதிலே, விளையாட்டும் அதிலே என்றானபின், இரவு பகலாயிற்று, உறக்கம் குலைந்தது. "எந்நேரமும் கையில் போன்தானா?" என்று பெரியோர் கடிந்தனர். அந்தச் சிறு திரையைத் தவிர வெளியுலகுக்கு வேறு சாளரம் பிள்ளைகளுக்கு இல்லை என்பது பலருக்கும் அப்போது தோன்றவில்லை.

தேர்வுகளின் கதையும் அத்தகையதே. 2020இல் தமிழகத்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இரத்தாயிற்று. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் வருகைப்பதிவையும் கொண்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வும் நின்றது. இறுதித் தேர்வை நம்பி இரவெல்லாம் படித்த பிள்ளைக்கு, தன் உழைப்பைக் காட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. பின்னாளில் அவர்களைக் "கொரோனா பேட்ச்" என்று எள்ளி நகைத்தவர்களும் உண்டு. விளையாட்டாகச் சொல்லப்பட்ட அச்சொல், கல்லூரி வாயில் வரை அவர்களைத் துரத்தியது.

இவற்றினும் கொடியது இறப்பு. பலர் இறந்தவரின் முகத்தைக் காணவும் இயலவில்லை. உறவினர் கூடி அழவும் இயலவில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை வழங்குவதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அது அவர்தம் வருங்காலத்துக்கு உதவும். விடைபெறாமல் பிரிந்த துயரத்துக்கு மருந்து, அருகமர்ந்து கேட்கும் செவி ஒன்றே.

இடர் வந்தபின் மீண்டெழும் ஆற்றலை உளவியலார் மீள்திறன் என்பர். உலக வழக்கிலோ மனவலிமை என்றால் அழாதிருத்தல், வாய்திறவாதிருத்தல் என்று பொருள் கொள்ளப்படுகிறது. "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்பதும், "உனக்கு என்ன குறை?" என்பதும் அப்பொருளிலிருந்து பிறந்த சொற்களே. ஆய்வு காட்டும் உண்மை வேறு. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். வறுமை, பெற்றோர் பூசல், குடும்பத்தில் மனநோய் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் அன்பும் மிக்கவர்களாக உருவாயினர். அவர்களைத் தாங்கியவற்றுள் முதன்மையானது, அவர்கள்பால் உறுதியாக அன்பு செலுத்திய ஒரு மனிதரேனும் உடனிருந்தமை. சிலருக்குத் தாத்தா பாட்டி, சிலருக்கு உடன்பிறந்தோர், சிலருக்கு ஆசிரியர். தனியே பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டவர்களின் வரலாறு அன்று அது. பற்றிக்கொள்ள ஒரு கை கிடைத்தவர்களின் வரலாறு.

அக்கையை நாடும் துணிவு நம் நாட்டு இளைஞரிடம் குறைவு. 2021இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கையில், மனநலச் சிக்கலுக்குப் பிறர் துணையை நாடுதல் நன்று என்று கூறிய இந்திய இளைஞர் நூற்றுக்கு 41 பேர் மட்டுமே. ஆய்வு நடந்த 21 நாடுகளின் சராசரியோ 83.

சிறிய சமுதாயங்களில் இத்தயக்கம் இன்னும் மிகுதி. எந்த ஊரில் எந்த வீடு என்று கேட்டால் உறவுமுறை சொல்லும் நெருக்கம் தமிழ்ச் சமணர்க்கு உண்டு. அந்நெருக்கமே ஒரு பிள்ளைக்குப் பத்துப் பெரியப்பாக்களையும் அத்தைகளையும் தருகிறது. "நாளை சம்பந்தம் பேச வரும்போது நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்னும் அச்சத்தைத் தருவதும் அதுவே. அவ்வச்சத்தால் மருத்துவரிடம் செல்வது ஒத்திப்போடப்படுகிறது. அதன் விலையைக் கொடுப்பது பிள்ளை. ஒரு வீட்டின் துன்பத்தைச் செய்தியாக்காமல் காப்பது சமுதாயம் முழுவதன் கடமை. சிகிச்சை பெறுவோரின் செய்தியை மறைவாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் விதிக்கிறது.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியவை. பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் வழக்கம் உள்ள வீடுகளில் நாளொழுங்கு ஒன்று முன்னமே இருக்கிறது. அவ்வேளையில் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு அனைவரும் ஒன்றாக அமர்ந்தால் அதுவே பேச்சுக்குரிய வேளையாகும். மதிப்பெண்ணைக் கேட்குமுன் "இன்று யாரோடு பேசினாய்?" என்று கேட்கலாம். பிள்ளை சொல்லத் தொடங்கினால், அறிவுரையைச் சற்றே நிறுத்தி முழுமையும் கேட்கலாம்.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலி, காரணமற்ற சினம், நண்பரை விட்டு விலகுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். "நான் இருந்து என்ன பயன்?" என்னும் சொல் பிள்ளையின் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது, தனியே விடுதலும் ஆகாது. 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை நாள் முழுவதும் கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது. காய்ச்சல் மாத்திரை வைத்திருக்கும் அலமாரியின் கதவில் அவ்வெண்ணும் எழுதப்பட்டிருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! மூடிய பள்ளிகளின் காலத்தைக் கடந்து வந்தமையே உங்கள் ஆற்றலுக்குச் சான்று. மனம் தளரும் பொழுதில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் செவி கொடாவிடில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பெரியோர்களே! இந்த அவையிலுள்ள ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பிள்ளைக்கு அந்த ஒருவராக விளங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.