தலையெழுத்தும் தலைக்காயமும்

(பாப்பாரப்பட்டியில் விளையாட்டு வாலிபர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொங்கல் பந்தயங்கள் நெருங்குகின்றன. சடுகுடுவுக்கும் கிரிக்கெட்டுக்கும் கட்சி சேர்த்தாகிவிட்டது. பனியன் வந்துவிட்டது. களத்தில் தேங்காய் உடைக்கவும், எலுமிச்சம்பழம் வெட்டித் திருஷ்டி கழிக்கவும்கூட ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஆடப்போகும் பிள்ளைகளின் மூளைக்கு என்ன ஏற்பாடு? ஒன்றுமில்லை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

மண்டை உடைந்து ரத்தம் வந்தால்தான் தலைக்காயம் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. பிடித்துத் தூக்கித் தரையில் போடும்போதும், பந்து தாக்கும்போதும், மண்டை ஓட்டுக்குள்ளேயே மூளை குலுங்கி, அதன் வேலை சில நாட்களுக்குத் தடுமாறிப் போவதுண்டு. இதற்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். இதில் ரத்தம் வராது. பெரும்பாலோர் மூர்ச்சையாவதுமில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, மறதி, வெளிச்சம் கண்டால் கூச்சம், காரணமில்லாத கோபம் ஆகியவையே அதன் குறிகள். இவற்றைக் கண்டதும் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்கிறார்கள், விபூதி போடுகிறார்கள். பையன் தேறாவிட்டால் "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தலையில் பட்ட அடியைத் தலையெழுத்தாக மாற்றிய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்லுவது?

"எழுந்து நடக்கிறானே, அவனுக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். 1998 பிப்ரவரியில் டாக்காவில் இந்திய ஆட்டக்காரர் ரமண் லாம்பா தலைக்கவசமில்லாமல் மட்டைக்காரருக்கு மிக அருகில் நின்றார். பந்து தலையில் பட்டது. எழுந்து நடந்தேதான் போனார். மூன்று நாளில் இறந்துபோனார். ஆகவே நடப்பது ஒரு அத்தாட்சி ஆகுமா? இன்னொன்று கேளுங்கள். 2020 டிசம்பர் 4ந் தேதி கான்பெராவில், நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராசன் முதல் இருபது ஓவர் சர்வதேசப் பந்தயம் ஆடிய அதே நாளில், ஜடேஜாவின் தலைக்கவசத்தில் ஸ்டார்க் வீசிய பந்து பட்டது. அவர் விழவில்லை, தொடர்ந்து ஆடிவிட்டுத்தான் போனார். பிறகுதான் தலை சுற்றுகிறதென்றார். டாக்டர் பார்த்தார், பந்துவீச சாஹல் இறங்கினார். இப்படி ஆள் மாற்றலாம் என்ற விதி 2019இல்தான் வந்தது. உலகமறிந்த ஆட்டக்காரருக்கே தன் நிலை உடனே தெரியவில்லையென்றால், நம் பையன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பலாமா?

இங்கேதான் அறிவின் வழி ஒன்று இருக்கிறது. பந்தயக் காலம் தொடங்கும் முன்பே, உடம்பு நன்றாயிருக்கும்போதே, ஒவ்வொருவருடைய மூளையின் வேலையையும் சோதித்து எழுதி வைப்பது. பத்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். எண்களைப் பின்னிருந்து சொல்லவேண்டும். மாதங்களையும் அப்படியே. ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். கோட்டின் மேல் ஒரு கால் விரலுக்கு முன் மறு கால் குதிகாலை வைத்து நடக்கவேண்டும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நிபுணர்கள் கூடி, மறு வருஷம் வெளியிட்ட ஸ்காட் 6 என்னும் சோதனை இவ்விதமானதே. பத்து, பதினைந்து நிமிஷ வேலை. பின்னால் அடிபட்டால் அதே சோதனையைச் செய்து, முந்தியதோடு டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

இதில் நமக்குப் பிடித்த நியாயம் ஒன்றுண்டு, தோழர்களே! ஐந்தாம் வகுப்போடு நின்ற தோழனைக் காலேஜ் பையனோடு இது ஒப்பிடுவதில்லை. அவனை அவனோடேயே ஒப்பிடுகிறது. மேலானவன், கீழானவன் என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறந்த நாழிகையைக் கணித்து ஜாதகம் எழுத நாம் பணம் கொடுக்கிறோம். அது ஒருநாளும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதில்லை. மூளையின் கணக்கை எழுதி வைத்திருக்கிறோமா?

இதையும் ஒரு மந்திரமாக்கிவிடக் கூடாது. இச்சோதனை மட்டுமே வியாதியைத் தீர்மானித்துவிடாது. அது இல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு. இருந்தால் டாக்டருக்குத் துணை. வெளிதேசங்களில் சிலர், பிறகு ஆடவிடாமல் தடுத்துவிடுவார்களே என்று முதல் சோதனையிலேயே வேண்டுமென்று தப்பாய்ச் சொல்லி வைப்பதுமுண்டு. அவர்கள் ஏமாற்றுவது டாக்டரையல்ல, தங்கள் மூளையையே.

"வெளியே உட்கார்ந்தால் ஊர் மானம் போகுமே, பரிசு போகுமே" என்பார்கள். கனடாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயதுப் பெண் ரக்பி ஆடியவள். சில நாட்களுக்குள் பலமுறை தலையில் அடி. மூளை அதிர்ச்சியோ என்ற சந்தேகம் தனக்கே இருந்தும் ஆடினாள், 2013இல் செத்தாள். முதல் அடி ஆறும் முன் விழும் அடுத்த அடி அத்தனை கொடியது. அவள் பெயரால் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் சட்டம் செய்தது. நம் ஊரில் செத்தால் கோயில் கட்டுவோம், சட்டம் கேட்கமாட்டோம்!

ஆகவே செய்யவேண்டியது இவ்வளவே. பந்தயத்துக்கு முன் ஒரு டாக்டரை அழைத்து இச்சோதனையைச் செய்வித்து நோட்டில் எழுதி வையுங்கள். தலையில் அடிபட்டுச் சந்தேகம் வந்தால் அன்றே ஆட்டத்தை விட்டு வெளியேற்றுங்கள். அன்று மறுபடி இறக்காதீர்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு சிறிது சிறிதாய் நடை, ஓட்டம். மோதும் ஆட்டமோ டாக்டர் சம்மதித்த பின்புதான். ஓயாத வாந்தி, ஏறுகிற தலைவலி, வலிப்பு, கைகால் சோர்வு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பகுத்தறிவு, பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அது குடியிருக்கும் இடம் மூளை. அதைக் காப்பதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரசாரம் வேறென்ன இருக்கிறது? கோப்பை அடுத்த வருஷமும் வரும். பிள்ளையின் மூளை வராது என்று கூறி, இம்மட்டோடு என் சொற்பொழிவை முடித்துக்கொள்கிறேன்.