வேனில் கணினி ஏன் அணைகிறது?



ஊர் ஊராகப் போகும் மருத்துவ வேன்களில் கணினி இருக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது சில வேன்களில் கணினி அணைந்துவிடும். எழுதிய விவரம் போய்விடும். கணினி கெட்டுவிட்டதா? அவசரப்பட வேண்டாம்.

பேட்டரி 12 வோல்ட். வண்டியைக் கிளப்பும் மோட்டார் நிறைய மின்சாரத்தை இழுக்கும். அந்த நொடியில் வோல்ட் 10-க்கும் கீழே இறங்கலாம். வண்டி ஓடும்போது 14 வரை ஏறும்.

பேட்டரி முனைகள் பூத்திருக்கின்றனவா? எஞ்சினை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கிடம் சொல்லிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஒயர் மெல்லியதா? தடித்த ஒயர் போடுங்கள். பேட்டரி பழையதா? சோதித்துப் பாருங்கள். பிறகும் அணைந்தால், வண்டிக்கென்றே செய்த பவர் சப்ளை வேண்டும். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது தாங்கும்.

ஃபியூஸ் போனால் அங்கே கம்பியைச் சுற்றாதீர்கள். ஒயர் சூடாகி வண்டி தீப்பிடிக்கலாம். ஃபியூஸ் தான் உருகி, உயிரைக் காக்கிறது.