மார்கழி விருந்துக்குச் சூடாக ஒரு பானம்

(டிசம்பர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டிறுதி விருந்துக்கு வீட்டிலேயே குளிர்கால காக்டெயில் செய்வது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சென்னையில் ஏது குளிர் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இருக்கட்டும், மார்கழி ராத்திரி மொட்டைமாடிக் காற்றில் கையில் சூடாக ஒரு டம்ளர் இருந்தால் சுகம்தானே!

இந்தப் பானங்களெல்லாம் பனி கொட்டும் ஊர்களில் பிறந்தவை. ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் க்ளூவைன் விற்பார்கள். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை சேர்த்துச் சூடாக்கியது. ஸ்வீடன்காரர்கள் அதில் ஏலக்காயும் சேர்த்து, பாதாம், உலர்திராட்சை போட்டுக் குடிக்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பக்கம் விஸ்கி, தேன், எலுமிச்சை, வெந்நீர் கலந்தால் அது ஹாட் டாடி. அந்த 'டாடி'யே பனங்கள்ளுக்கு இந்தியில் வழங்கும் சொல்லிலிருந்து போனதுதான். செய்வதற்கு நம் வீட்டுப் பிரியாணி மசாலா டப்பாவே போதும்.

நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். மதுவைப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், கப்பில் ஊற்றுங்கள்.

இனிப்பும் மசாலாவும் சூடும் சேர்ந்தால் உள்ளே மது இருப்பது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் வீட்டு விருந்தில் பத்து வயதுப் பிள்ளை இருக்கும், தினமும் மாத்திரை போடும் தாத்தா இருப்பார், தொடவே தொடாத மாமி இருப்பார், வேளச்சேரி வரை வண்டி ஓட்டிப் போகவேண்டிய மச்சான் இருப்பார். 'கொதித்தால் ஆல்கஹால் போய்விடுமே' என்பார்கள். முழுசாகப் போகாது. கால் மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதம் தங்குகிறது என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால் பங்கு இருக்குமாம்.

சரி, செய்முறை. பத்துப் பேருக்குச் சொல்கிறேன். கறுப்புத் திராட்சைச் சாறு 1 லிட்டர், தண்ணீர் கால் லிட்டர், பட்டை 2 துண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 4, அன்னாசிப்பூ 1, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோல். தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவுங்கள், இல்லையென்றால் கசக்கும். கிராம்பை அள்ளிப் போட்டால் பல்வலித் தைல வாசனைதான் வரும். சாறு புளிப்பு என்பதால் அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். சிறு தீயில் 20 நிமிடம். ருசி பார்த்துப் பனங்கற்கண்டு சேர்த்து, வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள். இதை யாரும் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் திராட்சைச் சாறு ஆகாது, அவர்களுக்கு இனிப்பில்லாத சுக்குமல்லிக் காபி தனியாக இருக்கட்டும்.

மது வேண்டுபவர்களுக்கு 120 மில்லி சாற்றில் 30 மில்லி ரம் அல்லது பிராந்தி. கண்ணளவு கூடாது, அளந்து ஊற்றுங்கள். ஒயின்தான் வேண்டுமென்றால் தனிப் பாத்திரத்தில் சூடாக்கி, ஆவி பறந்ததும், குமிழி வருமுன் அணைத்துவிடுங்கள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டிலைச் சாய்க்காதீர்கள், ஆவி பற்றிக்கொள்ளும். ஜெர்மன்காரர்கள் ரம்மில் நனைத்த சர்க்கரைக் கட்டியைக் கொளுத்தி ஒயினில் சொட்டவிடும் ஒரு பானமும் உண்டு. வீடியோவில் பார்த்து ரசியுங்கள். துணி காயும் நம் பால்கனிக்கு அது வேண்டாம்.

மது கலந்தது கைப்பிடி வைத்த கண்ணாடிக் கப்பில் மட்டும், கலக்காதது எவர்சில்வர் டம்ளரில் மட்டும். இதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பாட்டில் ஒருவர் கையில் இருக்கட்டும். நம் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கவே கூடாது, அதனால் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் டம்ளர்தான்.

எக்நாக் செய்வதாக இருந்தால் பச்சை முட்டையை அப்படியே கலக்காதீர்கள். பாலோடு சேர்த்து 71 டிகிரி வரை காய்ச்சுங்கள். ரம் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

வண்டி விஷயம். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 30 மில்லி ரம்மில் கிட்டத்தட்ட 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆள் அடுத்தடுத்து இரண்டு கப் குடித்தால் வரம்பைத் தாண்டிவிடலாம், மெலிந்த உடம்புக்கு ஒன்றே போதும். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபில்டர் காபி கொடுத்தால் தூக்கம் கலையும், ரத்தத்தில் இருப்பது குறையாது. அதனால் கப்பைக் கையில் கொடுக்குமுன் சாவியை வாங்கி வையுங்கள், திரும்பிப் போக டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள். தூரத்து உறவு என்றால் பாயும் தலையணையும் எடுத்து வையுங்கள்.

வாசலோரம் மேஜையில் இரண்டு ஃபிளாஸ்க் இருக்கிறது. சிவப்பு மூடியில் திராட்சை, நீல மூடியில் சுக்குமல்லி. இரண்டிலும் மது இல்லை, பக்கத்தில் இருப்பதெல்லாம் எவர்சில்வர் டம்ளர். குடித்துப் பார்த்துவிட்டு, கிராம்பு கூடவா குறைவா என்று சொல்லுங்கள்.